சடங்குக்கு இரண்டாண்டு முன்னரே பேச வேண்டியவை

எங்கள் பர்மாத் தமிழர் வீடுகளில் பெண் பிள்ளை ஒருத்தி பெரிய மனுஷி ஆன செய்தி காலையில் தெரிந்தால், மாலைக்குள் தாய்மாமன் வீட்டுக்குத் தகவல் போய்விடும். இரங்கூன், பெகு, மௌல்மேன் என்று உறவுக்காரர்கள் எங்கே இருந்தாலும் தொலைபேசியில் சேதி பறக்கும்; தண்ணீர் ஊற்ற நாள் பார்ப்பார்கள்; உளுந்தங்களிக்கும் நல்லெண்ணெய்க்கும் ஏற்பாடு நடக்கும். இத்தனை பேர் கூடியிருக்க, நடுவில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தன் உடம்பில் என்ன நடந்தது என்பதை ஒருவரும் விளக்கியிருப்பதில்லை. விளக்குகிறவர்களும் அன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறார்கள். இரங்கூனில் நர்ஸாக வேலை பார்க்கும் எனக்குச் சடங்கின் மீது கோபம் ஏதுமில்லை. காலம் தவறிப் பேசுவதைப் பற்றித்தான் குறை. பருவமடைதல் என்னும் நீண்ட மாற்றத்தில் முதல் மாதவிடாய் ஏறக்குறையக் கடைசிப் பகுதியில் வருவது. அதற்கு இரண்டு, இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே உடம்பு மாறத் தொடங்கிவிடுகிறது. அந்த இரண்டரை ஆண்டுகளிலும் பிள்ளை தனக்குத் தெரிந்த அளவில் பயந்துகொண்டும், மறைத்துக்கொண்டும், தனக்கு ஏதோ நோய் என்று எண்ணிக்கொண்டும் இருக்கிறாள்.

தொடக்கம் யார் கண்ணுக்கும் படுவதில்லை. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி, பிள்ளை உறங்கும் இரவு வேளைகளில் ஒரு ஹார்மோனை விட்டுவிட்டுச் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சினைப்பைகளைத் தூண்ட, சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனைச் சுரக்கின்றன. மார்பு வளர்வதும், இடுப்பு அகல்வதும், கருப்பையின் உட்சுவர் தடிப்பதும் இந்த ஈஸ்ட்ரோஜனால்தான். இதிலிருந்து தனியாக, சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ஆறு முதல் எட்டு வயதுக்குள் தம் வேலையைத் தொடங்குகின்றன. வியர்வையில் வாடை வருவதும், தோலில் எண்ணெய்ப் பசை ஏறுவதும், அக்குளிலும் அடிவயிற்றுக்குக் கீழும் ரோமம் முளைப்பதும் பெரும்பாலும் அவற்றின் வேலை. இரண்டும் வேறு வேறு தடத்தில் ஓடுவதால், ஒரு பிள்ளைக்கு மார்பு முதலில் அரும்பும், இன்னொருத்திக்கு ரோமம் முதலில் வரும். இரண்டும் இயல்பானவையே.

எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் எப்போது தொடங்கினாலும் அது சரியான காலந்தான். இங்கிலாந்தில் சிறுவர் இல்லங்களில் வளர்ந்த 192 பெண் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, மார்ஷல், டானர் என்ற இரு மருத்துவர்கள் 1969இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் மருத்துவர்கள் அடிப்படையாகக் கொள்கிறார்கள். உலகெங்கும் பருவ வளர்ச்சியை ஐந்து நிலைகளாகப் பிரித்துச் சொல்வது டானரின் பெயரால்தான். அந்தப் பிள்ளைகளிடையே கூடத் தொடங்கிய வயதிலும், ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போக எடுத்துக்கொண்ட காலத்திலும் ஆண்டுக் கணக்கில் வேறுபாடு இருந்தது. ஆகவே, பெரியப்பா மகள் பதினொன்றில் வந்துவிட்டாள், இவள் பதின்மூன்றாகியும் இப்படியே இருக்கிறாளே என்று பிள்ளையின் காதில் விழும்படி புலம்புவதை நிறுத்தினால் நல்லது. அம்மாவும் சின்னம்மாவும் எந்த வயதில் வந்தார்கள் என்று கேட்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி, ஏனென்றால் இது குடும்பவழியாகவும் வருகிறது.

என்னிடம் வரும் தாய்மாரில் பெரும்பாலோரை அழைத்து வருவது மார்பு அரும்பும் அந்த முதல் அடையாளந்தான். ஒரு நாள் தாம்வே பக்கத்திலிருந்து ஒரு தாய் பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். திரையை இழுத்துவிட்ட பிறகும் குரலைத் தாழ்த்தி, "சயாமா, வலப் பக்கம் மட்டும் கட்டியாட்டம் இருக்கு. தொட்டா வலிக்குதுன்றா. எங்க மாமியார் சுண்ணாம்பு தடவச் சொல்றாங்க" என்றார். (இங்கே நர்ஸையும் ஆசிரியையையும் தமிழர்களும் சயாமா என்றே கூப்பிடுவோம்.) பிள்ளையோ சுவரைப் பார்த்துக்கொண்டு, சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள், துணி உரசினாலே அவளுக்கு வலித்திருக்கிறது. காம்புக்கு நேர் அடியில் புளியங்கொட்டை அளவில் கெட்டியாக, அழுத்தினால் சற்று நகரும் ஓர் அரும்பு. மார்பு வளர்ச்சி எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் தொடங்குகிறது. முதலில் ஒரு பக்கம் மட்டும் வந்து, மறுபக்கம் சில மாதங்கள், சிலருக்கு ஆறு மாதம் வரை, பிந்தி வருவதும் வழக்கமானதே. அந்தத் தாய் புற்றுநோய் என்று பயந்து பல இரவுகள் தூங்காமல் இருந்ததாகச் சொன்னார். இந்த வயதில் இப்படி அரும்புவது புற்றுநோயன்று என்று அவருக்கும், பிள்ளைக்கும், இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னேன்.

சுண்ணாம்பு, சூடான எண்ணெய், பிதுக்கிப் பார்ப்பது ஆகிய எதுவும் வேண்டாம். அந்த அரும்புக்குள்தான் பின்னாளில் வளர வேண்டிய திசு முழுவதும் இருக்கிறது. அதைச் சீண்டவோ, அவசரப்பட்டுக் கத்தி வைக்கவோ கூடாது. மென்மையான பருத்திச் சிம்மீஸ் ஒன்று போட்டால் உரசல் குறையும்; ஓடும்போதும் குதிக்கும்போதும் அசௌகரியம் தோன்றும் காலத்தில் பாடி வாங்கிக் கொடுக்கலாம். இறுக்கமான பாடி போட்டால் வளர்ச்சி அடங்கும் என்பதும், போடாவிட்டால் தொங்கிவிடும் என்பதும் இரண்டுமே கதை. வளர்ந்து முடிந்த பிறகும் இரண்டு பக்கமும் அளவில் கொஞ்சம் வேறுபட்டிருப்பது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு.

இதே காலத்தில் உயரம் கூடுகிறது. கையும் காலும் முதலில் நீளும், செருப்பு சீக்கிரம் சிறுத்துப் போகும், பிறகு உடம்பு அவற்றை எட்டிப் பிடிக்கும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கணுக்கால் மறைய உடுத்திய சீருடைப் பச்சை லோஞ்சி, மழைக்காலம் முடிவதற்குள் மேலேறிவிட்டதைத் தாய்மார் கவனித்திருப்பார்கள். வேகம் உச்சத்தில் இருக்கும்போது ஒரே ஆண்டில் எட்டு சென்டிமீட்டர் வரை வளர்வதுண்டு. பையன்களுக்கு இந்த வளர்ச்சி ஒன்றிரண்டு ஆண்டு பிந்தி வருவதால், காலை வரிசையில் பெண் பிள்ளைகள் தலை உயர்ந்து நிற்பதும், அதற்காகவே சிலர் தோளைக் கூனிக்கொள்வதும் இந்த வயதில்தான். முக்கியமான செய்தி என்னவென்றால், உயரத்தின் இந்தப் பெருவேகம் முதல் மாதவிடாய்க்கு முன்னமே வந்து போய்விடுகிறது. அதற்குப் பிறகு பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர்தான் மிச்சம். வயதுக்கு வந்த பிறகு ஊட்டமாகக் கொடுத்து வளர்த்துவிடலாம் என்று காத்திருக்கும் குடும்பங்கள், ஊட்டம் அதிகம் தேவைப்பட்ட காலத்தைத் தவறவிட்டுவிடுகின்றன.

எடையும் கூடும், கூடத்தான் வேண்டும். இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புச் சேர்வதும், தோல் வேகமாக விரிவதால் அங்கங்கே சிவந்த கோடுகள் தெரிவதும் பருவத்தின் பகுதிகள். உடம்பில் போதிய கொழுப்பு இல்லாவிட்டால் மாதச் சுழற்சி ஒழுங்காக நடக்காது. கோவிலில் பார்க்கிற அத்தைமார் "என்னடி, இப்படி ஊதிட்டே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிள்ளை அன்றிரவே சோற்றைக் குறைக்கிறாள். இப்படிச் சொல்லும் உறவினரை அம்மா அங்கேயே மரியாதையாகத் தடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அத்தை வருத்தப்பட்டால் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.

வெள்ளைப்படுதலைப் பற்றிச் சற்று விரிவாக எழுதியாக வேண்டும், ஏனெனில் எங்களிடையே இதைவிட அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒன்று இல்லை. முதல் மாதவிடாய்க்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு முன்பிருந்தே உள்ளாடையில் வெண்மையாகவோ நிறமற்றோ ஒரு கசிவு படத் தொடங்கும்; காய்ந்தால் இலேசாக மஞ்சளாகத் தெரியும். ஈஸ்ட்ரோஜன் ஏறுவதற்கு உடம்பு காட்டும் அடையாளம் இது. பிறப்புறுப்பு தன்னைத்தானே ஈரமாகவும் தூய்மையாகவும் வைத்துக்கொள்ளும் வழியும் இதுவே. ஆனால் பாட்டிமார் இதை உடல் சூடு என்கிறார்கள்; எலும்பு உருகி வெளியேறுகிறது, பிள்ளை இளைத்துவிடுவாள் என்கிறார்கள்; சில வீடுகளில் பிள்ளையின் நடத்தை மீதே ஐயம் கொள்கிறார்கள். எலும்பு எதுவும் உருகுவதில்லை. நடத்தைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வெறும் தண்ணீரால் வெளிப்புறத்தைக் கழுவி, பருத்தி உள்ளாடையை நாள்தோறும் மாற்றினால் போதும். உள்ளே சோப்போ, டெட்டாலோ, வேறு மருந்து நீரோ ஊற்றிக் கழுவினால் அங்கே இருக்கும் நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து, இல்லாத நோய் வந்து சேரும். அரிப்பு, எரிச்சல், கெட்ட வாடை, தயிர் திரிந்தது போன்ற கட்டிகள், பச்சை நிறம் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உள்ளபடி சொன்னால், வெள்ளை படத் தொடங்கியதும் அம்மாவிடம் சொல்லத் துணிகிற பிள்ளைக்கு ஓராண்டுக்குள் மாதவிடாய் வரக்கூடும் என்று முன்னறிவிப்பே கிடைத்துவிடுகிறது. சொல்லத் துணிய வேண்டும் என்பதுதான் அதில் இருக்கும் சிக்கல்.

முகப்பருவுக்கு எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: கல்லில் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசு. எனக்கும் அதில் மறுப்பில்லை. வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், பள்ளிக்குப் போகும் கன்னத்தில் அழகாகவும் இருக்கும். அதைப் பருவுக்கு மருந்து என்று நம்பி, பழைய பூச்சின் மேல் புதிய பூச்சாக ஏற்றி, இரவில் கழுவாமல் படுப்பதுதான் தவறு. காலையும் மாலையும் மென்மையான சோப்பால் முகம் கழுவுவதும், நகத்தால் கிள்ளாமல் இருப்பதும் பெரும்பாலோருக்குப் போதும். வடுப் பதியும் அளவுக்குப் பெரிய பருக்கள் வந்தால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மாதவிடாய்க்கு வருவோம். முதல் தடவை பெரும்பாலும் சிவப்பாகக்கூட இருப்பதில்லை. பழுப்புக் கறையாகத்தான் தெரியும். இரத்தம் மெதுவாக வெளியேறும்போது காற்றுப்பட்டு நிறம் மாறுவதால் அப்படி. இதை அறியாத பிள்ளை வயிற்றுப்போக்கு என்று நினைத்துத் தானே துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு, இரண்டாம் மாதம் வரை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவதும் உண்டு. ஒரு மாதவிடாயில் வெளியேறும் இரத்தம் பார்வைக்குப் பெரிதாகத் தோன்றினாலும், பெரும்பாலும் இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான். இரண்டு முதல் ஏழு நாள் வரை இருக்கலாம். அடுத்தது இருபத்தெட்டாம் நாள் வந்தாக வேண்டும் என்று விரலை மடக்கிக் காத்திருக்கத் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சினைமுட்டை ஒவ்வொரு மாதமும் வெளிப்படாததால், 21 நாள் முதல் 45 நாள் வரை எந்த இடைவெளியும் இயல்பே. தொடக்க மாதங்களில் வலியில்லாமல் இருந்தவளுக்கு ஓராண்டு கழித்து அடிவயிற்று வலி தொடங்குவதும் இதனால்தான். சினைமுட்டை ஒழுங்காக வெளிப்படத் தொடங்கிய பின், புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் கருப்பைத் தசையைச் சுருக்குகிறது. வெந்நீர்ப் பை ஒத்தடம், நடமாட்டம், தேவைப்பட்டால் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவைக் கேட்டறிந்து சாப்பாட்டுக்குப் பின் வலி மாத்திரை, இவை போதும். பள்ளிக்குப் போக முடியாத அளவு வலியை மட்டும், பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும் என்று தள்ளிவிடாதீர்கள். அதற்கு மருத்துவம் இருக்கிறது.

இந்த நாட்டில் துணி உலர்த்துவதே ஒரு பெரும் பிரச்சினை. பெண்கள் உடுத்தும் தமேயினுக்கு அடியில் ஆண் நடந்து போனால் அவன் மகிமை குறைந்துவிடும் என்ற நம்பிக்கை பர்மியரிடையே ஆழமானது; 2021ஆம் ஆண்டு இராணுவ ஆட்சிக்கு எதிரான போராட்டத்தின்போது, படையினர் அடியில் கடந்துவரத் தயங்கட்டும் என்று தெருக்களின் குறுக்கே தமேயின்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதன் பொருள் இங்கே எவருக்கும் விளங்கும். தலைமுறைகளாகப் பக்கத்து வீட்டில் வாழ்ந்த நாங்கள் எங்கள் தீட்டு வழக்கத்தோடு அந்த நம்பிக்கையையும் சேர்த்துக்கொண்டோம். விளைவாக, மாதவிடாய்த் துணி வீட்டின் பின்புறத்தில், தாழ்வான கொடியில், இன்னொரு துணிக்கு அடியில் ஒளித்து உலர்த்தப்படுகிறது. மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை மழை பெய்யும் இரங்கூனில் அப்படி உலர்த்திய துணி உலர்வதேயில்லை. ஈரத் துணியைத் திரும்பக் கட்டிக்கொள்வதால் தொடையிடுக்கில் புண்ணும் பூஞ்சையும் வருகின்றன. துணி பயன்படுத்துவது தவறன்று. குளிர்ந்த நீரில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, வெயில் படும் இடத்தில் முழுதாகக் காயவைத்தால் அது பாதுகாப்பானதே. மழைக்காலத்தில் அது முடியாவிட்டால், அந்த மாதங்களுக்காவது பேடு வாங்கும் செலவை மளிகைக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். எதுவானாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும்.

தலைக்குக் குளிக்கக் கூடாது என்பதில் எங்கள் பாட்டிமாரும் பர்மியப் பாட்டிமாரும் ஒரே கட்சி. தலை நனைந்தால் இரத்தம் உறைந்துவிடும், மனம் பேதலிக்கும் என்பார்கள். உடம்பில் அப்படி ஒரு வழியே இல்லை. வியர்த்து வழியும் ஊரில் அந்த நாள்களில்தான் குளியல் அதிகம் தேவை.

உணவில் மட்டும் நம் முன்னோர் பாதி சரியாகவே செய்திருக்கிறார்கள். உளுந்தும், முட்டையும், நல்லெண்ணெயும் வளரும் பிள்ளைக்கு நல்ல உணவுதான். முட்டையைப் பச்சையாகக் குடிக்க வைக்காமல் வேகவைத்துக் கொடுத்தால் கிருமிப் பயம் இருக்காது. ஆனால் சடங்கு முடிந்ததும் களியும் நின்றுவிடுகிறது. மாதந்தோறும் இழக்கும் இரும்புச் சத்தோ நாள்தோறும் வேண்டும். முருங்கைக் கீரை, ஈரல், பருப்பு, மீன் என்று இங்கே குறைவில்லை. பர்மியர் சின்பவுங் என்று சமைக்கும் புளிச்சைக் கீரையைப் புளிப்பு என்பதற்காக அந்த நாள்களில் விலக்குவதற்குக் காரணம் எதுவும் இல்லை. எலுமிச்சையும் கொய்யாவும் சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக உடம்பில் ஏறும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் எங்கள் ஊர்ப் பழக்கம் அதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லும்போது தேநீர்க் கடைக்காரரான என் தம்பியே என்னை முறைக்கிறான்.

சடங்கு என்று பிள்ளையைப் பல நாள் பள்ளிக்கு அனுப்பாமல் மூலையில் உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டில் முதல் நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு, பெரிய விசேஷத்தைக் கோடை விடுமுறைக்குத் தள்ளி வைக்கும் குடும்பங்கள் இப்போது உண்டு. ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறையில் உறவினரும் எளிதாக வந்து சேர்கிறார்கள். இன்னொன்று, விசேஷம் வேண்டுமா, எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதைப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம். பட்டுப் புடவையும் வளையலும் சிலருக்குக் கொள்ளை மகிழ்ச்சி. தன் மாதவிடாய் ஊருக்கே தெரிவது சிலருக்கு உயிர் போகும் வேதனை. எதற்கெடுத்தாலும் கண் கலங்குவதும், கதவைச் சாத்திக்கொள்வதும், இரவு வெகுநேரம் தூக்கம் வராமல் காலையில் எழ முடியாமல் கிடப்பதும் இந்தப் பருவத்தில் இயல்பு. வாரக்கணக்கில் யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல் இருந்தால் அது வேறு. உதவி தேட வேண்டும்.

தகப்பன்மாரும் இவற்றைப் படிக்க வேண்டும். மனைவியை இழந்து, அல்லது மனைவி மலேசியாவிலோ தாய்லாந்திலோ வேலைக்குப் போயிருக்க, தனியாகப் பெண் பிள்ளையை வளர்ப்பவர்கள் எங்களிடையே குறைவில்லை. கடையில் பேடு வாங்கி வந்து அலமாரியில் வைத்து, இது இன்னதற்கு என்று ஒரு வாக்கியம் சொன்னாலே பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும். மீதியை அத்தையோ சின்னம்மாவோ சொல்லட்டும்.

எட்டு வயது நிறைவதற்கு முன் மார்பு அரும்பினாலும், பதின்மூன்று ஆகியும் அரும்பாவிட்டாலும், பதினைந்து ஆகியும், அல்லது மார்பு அரும்பி மூன்று ஆண்டு கழிந்தும் மாதவிடாய் வராவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வந்த பிறகு மூன்று மாதம் நின்றுவிட்டாலும், ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேடு முழுதாக நனைந்தாலும், தலை சுற்றி மயக்கம் வந்தாலும் அப்படியே. போகும்போது மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்பதாகத்தான் இருக்கும். பெரும்பாலான தாயும் மகளும் அப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளையின் பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தொடங்கிய தேதியையும் முடிந்த தேதியையும் முதல் மாதத்திலிருந்தே அவளே எழுதிவரப் பழக்குங்கள். அந்தக் குறிப்பேட்டையும் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.